அம்மா பேரு என்ன?

ஜெருசலேமின் அந்தச் சிறிய ஜெப ஆலயத்தில், சனிக்கிழமை காலை, நோயாளிகளுக்காக ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நஃப்தாலி தன் முறை வந்ததும், ஜெபம் சொல்லும் பெரெட்ஸின் காதருகே குனிந்தார்.

“எல்ஹனான்னு ஒரு பையன். ஆஸ்பத்திரியில ரொம்ப மோசமா கிடக்கான்.”

“ஐயோ பாவம். உங்களுக்குச் சொந்தமா?”

“சேச்சே, தெரிஞ்ச பையன்.”

“அவன் அம்மா பேரு என்ன? அதைச் சொல்லித்தானே வேண்டணும்?”

“தெரியாதே.”

“பரவால்ல. தெரியலேன்னா நம்ம ஆதித்தாய் சாராள் பேரைச் சொல்லிக்கலாம்.” பெரெட்ஸ் குரலை உயர்த்தினார்: “சாராளின் மகன் எல்ஹனானுக்கு...”

“தீனாவோட மகன்!”

மாடியில், பெண்கள் பகுதியின் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். “பெத்தவ நான் இங்க உசிரோட இருக்கேன். எம் பேரைச் சொல்லிக் கேளுங்க!”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு நஃப்தாலியைப் பார்த்தார்கள். தீனா அவருடைய மனைவி. மதத்தை விட்டுப்போன மகனை மறைக்க, தங்களுக்குப் பிள்ளையே இல்லை என்று இந்தத் தெருவில் சொல்லிவைத்திருந்தவர் நஃப்தாலி.

“என்ன சொல்லட்டும், நஃப்தாலி?” என்றார் பெரெட்ஸ், மெதுவாக.

நஃப்தாலி ஜெபச் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“அவ பேரையே சொல்லுங்க. எங்க பையன்தான்.”