ஒரு சுருக்கம்கூட இல்லை

அவளுடைய கணவருக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

சரிவுக் கூரைக்குத் தச்சர் போன வாரமே பலகை அடித்து முடித்திருந்தார். ஓடு வேய்வதற்கு முன் பலகைமேல் தார் ஷீட் விரிக்க வேண்டும். "இதுக்கெல்லாம் ஒரு ஆளா?" என்று நேற்றுக் காலை இடுப்பில் சுத்தியலும் கையில் குட்டி ஸ்பீக்கருமாகக் கணவரே ஏறிவிட்டார்.

"ஏங்க, நான் ஒரு முனையைப் பிடிக்கட்டுமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. ஏணிப் பக்கமே யாரும் வரக் கூடாது. கால் பட்டா ஷீட்டு சுருங்கிடும்."

புரியாதவளுக்கு என்ன வேலை? மேலிருந்து பறந்து வந்து முற்றமெங்கும் விழுந்த வழுவழுப்பான பேப்பரைப் பெருக்கி அள்ளினாள். மதியத்தோடு பேப்பர் நின்றது. டொக் டொக் ஆரம்பித்தது. சாப்பிடக் கூப்பிட்டதற்கும் சுத்தியல்தான் பதில் சொன்னது. இருட்டும்வரை ஓயவில்லை.

இன்று காலை வாசலில் போலீஸ் ஜீப். பின்சீட்டில் அவளுடைய தம்பி.

அடுத்த தெருவில் தம்பி வீட்டுப் பீரோவிலிருந்து, செத்துப்போன அம்மாவின் நகை மொத்தமும் நேற்று மதியத்துக்குமேல் காணாமல் போயிருந்தது. எந்தப் பூட்டும் உடையவில்லை. ஒரு சாவிக்கொத்து தம்பியிடம். இன்னொன்று இவள் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது.

"நான் எடுக்கலக்கா. வேலை கேட்டு அலைஞ்சுட்டு இருந்தேன்."

"யாரைப் பாத்தே? பேரைச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் சொன்னான். சொல்லி என்ன? முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்தியவர்கள்தான் அவனுக்குச் சாட்சி.

"வேலை வெட்டி இல்லாதவன் கையில பீரோ சாவி! வேற என்ன நடக்கும்?" கணவர் உச்சுக் கொட்டினார். "என் மச்சான்னு பாக்காதீங்க சார். உள்ள வைங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நானா?" கணவர் சிரித்தபடி கூரையைக் காட்டினார். "தெருவையே கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டம்மா ஜன்னலிலிருந்தே கத்தினாள்: "அந்தக் கொடுமையை ஏன் சார் கேக்கறீங்க! ஸ்பீக்கரைத் தூக்கிட்டுப் போனவர் ஒரு பாட்டாவது போட்டாரா? நாள் பூரா சுத்தியல்தான். எங்க குழந்தை கண்ணே மூடலை!"

அவள் காதிலும் அந்த டொக் டொக் இன்னும் இருந்தது. அப்படியானால் தம்பிதானா? தூக்கி வளர்த்த கை ஜீப் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது.

ஏறப்போன இன்ஸ்பெக்டர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஒரு சுருக்கம்கூட இல்லையே! எங்க வீட்டுலயும் போட்டானுங்க. ஆணி அடிச்ச இடமெல்லாம் ஒழுகுது."

கணவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள்ளே போயிருக்கலாம். ஆனால் பாராட்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிற ஆளா அவர்?

"ஆணியா!" கணவரின் மார்பு நிமிர்ந்தது. "நம்ம வேலையில அந்தப் பேச்சே கிடையாது சார். இது ஒட்டற ஷீட்டு. அடிப் பேப்பரை உரிச்சு உரிச்சு, கீழ் ஓரத்துலருந்து தடவிக்கிட்டே மேல போகணும். ஓட்டை விழுந்தாத்தானே ஒழுகும்? ஏறித் தேடிப் பாருங்க. மொத்தக் கூரையில நான் ஒரே ஒரு ஆணி அடிச்சிருந்தாலும் என் மீசையை எடுத்துடறேன்!"

ஜீப் உறுமியது. அவள் கம்பியை விடவில்லை.

"எனக்குத்தான் ஒண்ணும் புரியாதே, அதான் கேக்கறேன்" என்றாள். "அப்போ நேத்து இருட்டற வரைக்கும் எதைங்க அடிச்சீங்க?"