குல்லாய்க்குள் தூக்கம்

“நான் தூங்கிக்கிட்டே ஒரு ஆளோட வயித்தைத் திறந்து, குடல்வாலை வெட்டியெடுத்து, தையலும் போட்டு முடிச்சிருக்கேன். நடுவுல ஒரு கனவு வேற. கனவுல நான் பிடிச்ச மீன் படகைவிடப் பெருசு,” என்றார் வெண்டல்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்டனை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது? ஆனால் வெண்டலை டுலூத் ஊரே அறியும். ஓய்வுபெற்ற சர்ஜன். அவர் வாயைத் திறந்தால் சுப்பீரியர் ஏரியே ஒரு முழம் உயர்ந்துவிடும்.

எதிரே இருந்த டாக்டர் ஹால்வர்சன் ஹாம் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார். ஒரு காலத்தில் வெண்டலுக்கும் எல்டனுக்கும் சர்ஜரி சொல்லிக்கொடுத்த தலைமை டாக்டர். வயது தொண்ணூறை நெருங்கியும் முதுகு இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

“சாவுச் சோத்துலயுமா உன் புளுகு? அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல.”

“நடந்தது சார். எல்டன் கேஸட்டுல பதிவாச்சே.”

“அதெல்லாம் அவன் கையால வரைஞ்ச கோடு. அப்பவே சொன்னேன். இப்பவும் அதான்.”

எல்டனின் மனைவி மார்லிஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த வாக்கியம் அவருக்குப் புதிதல்ல. இதனால்தான் அவர் கணவர் சர்ஜன் ஆகாமல், படகு மோட்டார் விற்றே வாழ்ந்து முடித்தார்.

அந்தக் காலத்திலும் பயிற்சி மருத்துவர்கள் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, எதையோ எண்ணி, ஒரு படம் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். எல்டனுக்கு அது போதவில்லை. வீட்டுக்கே போகாமல் டூட்டி பார்க்கிற டாக்டரின் மூளை என்ன பாடுபடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். சம்மதித்த டாக்டர்களின் ஆபரேஷன் குல்லாய்க்குள் மெல்லிய கம்பிகளை ஒட்டி, மூளையின் அலைகளைக் கேஸட்டில் பதியும் கருவியை இடுப்பில் கட்டிவிட்டார். கைகள் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்க, தலை மட்டும் தூங்கிவிட்டது ஒரு பதிவின் கோடுகளில் தெரிந்தது. அதைக் கொண்டுபோய் ஹால்வர்சனிடம் கொடுத்தார். இட்டுக்கட்டியது என்று ஹால்வர்சன் சொல்ல, எல்டனைப் பயிற்சியிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

“டாக்டர்,” என்றார் மார்லிஸ். “கேஸட் அப்பவே காணாமப் போச்சு. அதை நான் கேக்கல. அவர் பொய் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவங்கல்லாம் கோட்டு மாட்டிக் கிளம்பறதுக்குள்ள.”

“நல்ல பையன்தான், மார்லிஸ். அவசரக்காரன். சீக்கிரம் பேர் வாங்கணும்னு நெனச்சான்.”

“பேர் வாங்கவா? யாரோட தலைன்னு சொல்லித் தொலையேன், தப்பிச்சுக்கலாம்னு அத்தனை பேரும் கெஞ்சினாங்க. ஆராய்ச்சிக்கு வந்தவங்க பேரை வெளிய விடமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்னாரு. எங்கிட்டகூடச் சொல்லல. போன வாரம் படுக்கையில கேட்டேன். ‘அவங்களும் பேஷண்ட் மாதிரிதான் மார்லிஸ்’னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு.”

“தலையைக் குடுத்த தடியன் நான்தான்,” என்றார் வெண்டல். “நான் விட்ட குறட்டையில ஆபரேஷன் விளக்கே ஊஞ்சல் ஆடிச்சு. மயக்கத்துல இருந்த பேஷண்ட் எழுந்து, ‘கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க’ன்னான்.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மார்லிஸ் சிரிக்கவில்லை.

“நெசமாவே நீயா?”

“நான்தான்.”

“அப்ப ஏன் வாயைத் திறக்கல?”

வெண்டல் சிரிப்பை விட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். ஊரில் யாரும் பார்த்திராத காட்சி அது.

“பயம். என்னையும் தூக்கிடுவாங்கன்னு.”

“எங்க வீட்டு மேஜையில உக்காந்து எத்தனை தடவை நான் சமைச்ச ஹாட்டிஷை வழிச்சுச் சாப்பிட்டிருப்ப? மோட்டார் வேணும்னு வந்து அவர்கிட்டயே பேரம் பேசுவியே. அவர் சொல்ல மாட்டாருங்கற தைரியம்தானே?”

“ஆமா.”

“எழுந்து போ, வெண்டல்.” மார்லிஸின் குரல் உயரவே இல்லை. “அவரை வழியனுப்ப வந்த சாப்பாடு இது. உனக்கு இதுல பங்கு கிடையாது.”

வெண்டல் காகிதத் தட்டை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு, கோட்டைத் தேடி நடந்தார். நாலு பேர் வழி விட்டு ஒதுங்கினார்கள். ஒருவரும் தோளைத் தொடவில்லை.

“இங்க வா. உக்காரு,” என்றார் ஹால்வர்சன்.

“வேண்டாம் சார். நான் புளுகன். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஹால்வர்சன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பேச்சுச் சத்தம் ஒவ்வொரு மேஜையாக அடங்கியது.

“நடந்தது, மார்லிஸ். எல்டன் ஒரு கோடுகூட வரையல,” என்றார். “ஆனா வெண்டல் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கே வரல, காய்ச்சல். ‘சின்னப் பசங்கதான் தூங்குவீங்க, எனக்குக் கட்டிப் பாருடா’ன்னு எல்டன்கிட்ட சவால் விட்டுத் தலையைக் குடுத்தது நான்.”