முதல் கிழங்கு

கிரீன்லாந்தில் பனி இறங்குவதற்குள் தோண்டியாக வேண்டும். தோண்டிய முதல் உருளைக்கிழங்குகளில் பெரிது பெரிதாகப் பொறுக்கிப் பையில் போட்டான் அக்காலு.

"உன் இவாலுவுக்கா?" என்றாள் அவன் மனைவி நிவி.

"முதல் கிழங்கு அவளுக்குத்தானே?"

"கடற்பாசி சுமந்து எருப் போட்டது நான். இடுப்பு ஒடிஞ்சது எனக்கு. திங்கிறது அவளா? போன மாசம் அவளுக்கு கடல்நாய்த் தோல் பூட்ஸ் வேற! எனக்கு ஒரு கையுறை வாங்கித் தந்திருப்பியா?"

"ஒரு தடவையாவது நீயும் வந்து அவளைப் பாரேன்."

"வர்றேன். அப்படி என்னதான் அழகின்னு பார்த்துடறேன்."

படகில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். அக்கரை வீட்டுக்காரி கதவைத் திறந்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இவாலு! உன் புருஷன் வந்தாச்சு!"

நிவிக்கு வயிறு எரிந்தது.

உள்ளேயிருந்து தவழ்ந்து வந்தாள் இவாலு. வாயில் இரண்டே பல். அக்காலுவின் முதல் மனைவி இறந்த பிறகு இந்த வீட்டில் பிறந்தவள். இறந்தவளின் பெயரையே வைத்துவிட்டார்கள். பெயர் திரும்பி வந்தால் ஆளே திரும்பி வந்ததாகத்தான் அங்கே கணக்கு.

"என் பெண்டாட்டி!" என்று அள்ளிக் கொஞ்சினான் அக்காலு.

நிவி குழந்தையை வெடுக்கென்று பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் நடக்கக் கத்துக்கோடி. அப்புறம் கடற்பாசி சுமக்க நீதான் வரணும்!"