காகம் எடுக்காத சோறு

"உவளை முதல்லை ஏணியாலை இறங்கச் சொல்லும்! கமராவோடை நிண்டா எந்தக் காகம் கிட்ட வரும்?"

வாகீசன் முற்றத்தில் நின்று கத்தினான். அன்று அவன் அப்பாவின் திவசம். ஐயர் போய்விட்டார். படையலில் எடுத்த சோறும் வடையும் மதிலின் மேல் வாழையிலையில் காய்ந்துகொண்டிருந்தன. காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்க முடியாது. உள்ளே சொந்தக்காரர் எல்லோரும் வெறும் இலையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

அவன் மனைவி உதயகலா அண்ணாந்து பார்த்தாள். குசினிக் கூரையில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், வாகீசனின் தங்கை துஷாந்தினி கழுத்தில் கமராவோடு நின்றாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். லீவு கிடைத்தால் நல்லதொரு சீலை உடுத்து நாலு இடம் போகாமல், கொக்கும் காகமும் என்ன செய்கின்றன என்று வெயிலில் நின்று பார்க்கிறவள். உதயகலாவுக்கு அது விளங்காத கூத்து. ஆனால் தன் புருஷன் ஆடுகிற கூத்து அதைவிடப் பெரிது என்று அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது.

"மச்சாள், இறங்கி வாரும். இல்லாட்டி உம்மடை அண்ணை மதிலிலை ஏறிக் காகத்தைக் கையாலை பிடிக்கப் போறார்."

துஷாந்தினி மறுபேச்சில்லாமல் இறங்கினாள். காகங்கள் வந்தன. வளவுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின. தொண்டை கிழியக் கத்திவிட்டு, இலைக்குக் கிட்டவும் வராமல் போய்விட்டன.

"பாத்தியளே அண்ணை? நான் இல்லாட்டியும் வருதில்லை."

"வாயை மூடு! ஒரு கொக்குக்காக என்னோடை சண்டைக்கு வந்தவள்தானே நீ!"

சண்டை, வளவு மூலையில் நின்ற புளியமரத்தைப் பற்றியது. அதில் கொக்குகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. எச்சம் வாகீசனின் புது வான் வண்டியில் விழுந்தது. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாம். வாகீசன் மரத்தை விழுத்த ஆள் பிடித்துவிட்டான். நாளைக் காலை மரம் அரிகிற வாளோடு வருகிறார்கள். குஞ்சுகள் பறக்கும்வரையாவது பொறுங்கோ என்று துஷாந்தினி கெஞ்சினாள், வாய் பிளந்து இரை கேட்கிற குஞ்சுகளின் படங்களைக் காட்டினாள். "உதுகளுக்கு நான் வாடகை இல்லாமல் வீடு குடுக்கிறதோ?" என்று கேட்டு அவன் சிரித்தான். அவன் பகிடிக்கு அவன் மட்டும்தான் சிரிப்பான்.

"கா... கா... கா..."

இப்போது கைதட்டிக் கூப்பிட்டுப் பார்த்தான். மருதனார்மடச் சந்தியில் கடைக்காரர் எழும்பி நின்று கும்பிடுகிற மனுஷனை ஒரு காகம்கூட மதிக்கவில்லை. உதயகலாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

செத்தவரின் தங்கை இரத்தினம்மா மாமி, நீரிழிவு வருத்தக்காரி, பசி தாங்காமல் வாசலுக்கு வந்தாள்.

"வாகீசன், உண்மையைச் சொல்லு. அண்ணைக்கு என்ன குறை வைச்சனி?"

"வடையும் பாயாசமும்தான் வைச்சன் மாமி."

"நக்கல் வேண்டாம். அந்தக் காகங்கள் கத்தினதைக் கேட்டியோ? அண்ணை ஏசுற மாதிரியே கிடந்துது. குஞ்சும் குருமனுமாய்க் கிடக்கிற மரத்தை விழுத்தப் போறியாமே?"

உள்ளே முணுமுணுப்பு எழும்பியது. "அதுதானே பாத்தன்." "நல்ல பிள்ளை பெத்தார் மனுஷன்."

வாகீசனின் முகம் மாறியது. அவன் அப்பா உயிரோடு இருந்தபோதே அவருக்குப் பயப்படாதவன். ஆனால் சொந்தக்காரரின் வாய்க்குப் பயப்படுவான். பொழுதுபடுவதற்குள் கதை மானிப்பாய் வரைக்கும் போய்விடும்.

"மரத்தை விடுறன் எண்டு சொல்லிப் பாருங்கோவன்," என்றாள் உதயகலா இனிமையாக. "சொன்னால் நாக்குத் தேயுமோ?"

வாகீசன் மதிலைப் பார்த்துக் கைகூப்பினான். "அப்பா, குஞ்சுகள் பறக்கும்வரைக்கும் மரத்தைத் தொடமாட்டன்."

"பறந்தாப் பிறகு?" என்றாள் மாமி.

"பிறகும் தொடமாட்டன்! போதுமோ?"

"அந்த ஆக்களுக்கு இப்பவே போன் எடுத்துச் சொல்லு. நாங்களும் கேக்கிறம்."

எல்லோரும் கேட்க, வர வேண்டாம் என்று சொன்னான். குரல் அழாத குறை.

"இனி வரும் போலை கிடக்கு. ஒரு படம் எடுக்கிறன்," என்று துஷாந்தினி மறுபடி ஏணியில் ஏறினாள்.

"அப்பாவைப் படம் பிடிக்கப் போறா!" என்று வாகீசன் பல்லைக் கடித்தான்.

சற்று நேரத்தில் ஒரு காகம் முருங்கையில் வந்து இருந்தது. தலையைச் சரித்துப் பார்த்தது. மதிலுக்குத் தாவி ஒரு வடையைக் கொத்திக்கொண்டு பறந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே பந்திக்கு ஓடினாள். முதல் ஆளாக இலைக்கு முன்னால் இருந்தவன் வாகீசன்.

துஷாந்தினியைக் காணவில்லை. கூப்பிட உதயகலா ஏணியில் ஏறினாள்.

தாங்கிக்குப் பின்னால், முற்றத்தில் நிற்பவர் கண்ணுக்குப் படாத பக்கத்தில், துஷாந்தினி ஒரு கம்பியிலிருந்து எதையோ அவிழ்த்து எடுத்திருந்தாள். பழைய குடைச் சீலையில் தைத்து, காக இறகு குத்தி, செத்த காகம் போலத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த பொம்மை.

"செத்த காகம் தொங்கிற இடத்திலை மற்றக் காகங்கள் கத்துமே தவிர இறங்காது, அண்ணி," என்றாள் முகம் வெளிறி. "அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

கீழே வாகீசன் இரண்டாம் தரம் பாயாசம் கேட்டு அதட்டுவது கேட்டது. உதயகலா பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இறகு முறியாமல் மடிச்சு வையும் மச்சாள். அடுத்த திவசத்துக்கு எனக்கும் உவரிட்டை ஒரு அலுவல் கிடக்கு."