நாலு காலும் போன நாற்காலி

முதல்முறை மகள் வீட்டுக்கு வந்தபோது நின்றுகொண்டே காபி குடித்துவிட்டுப் போன அப்பா, அடுத்த முறை தானே சைக்கிளில் கட்டி எடுத்துவந்த நாற்காலி அது. அதன் நாலு காலையும் மருமகன் முருகானந்தம் அறுத்தெறிந்து, கயாக் என்கிற தன் மீன்பிடித் துடுப்புப் படகில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் பிடிக்கிறவருக்கு முதுகு வலிக்கிறதாம்!

"இன்னைக்கு அப்பா வாராவ. எங்க உக்காருவாவ?" என்றாள் செண்பகவல்லி.

"கால் போனா என்னட்டி, உக்காருத எடம் மேலதான இருக்கு?"

அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அவன் தூண்டிலுக்கு இறால் வாங்கப் போன நேரத்தில், பதினோரு அடி கயாக்கைத் தனியாளாக இழுத்துவந்து பத்தடி வீட்டுக்குள் திணித்தாள். மூக்கு தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. தெரு வேடிக்கை பார்க்காமல் இருக்குமா? தெருக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக் கயாக்கில் ஏறி, தன் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக் காபியை வாங்கிக்கொண்டார்.

இறால் பையும் கையுமாக வாசலில் நின்ற முருகானந்தம் பல்லைக் கடித்தான். "எப்பம் எந்திரிப்பாவளாம்? கடலுக்குப் போணும்லா?"

"நீங்களே கேளுங்க."

அப்பா காலி டம்ளரை மகளிடம் நீட்டினார்.

"மத்தியானத்துக்கு மீன் வேண்டாம்மா. பருப்புக் கொளம்பே போதும்."