பதினெட்டு அங்குல மரியாதை

“மாமாவுக்கு இருக்கறதுலயே நீளமான பேரலைத் துப்பாக்கியில மாட்டுங்க!”

மேலாளர் சொன்னதும் விசில் பறந்தது. அட்டைப்பெட்டி கம்பெனி ஆட்கள் இருபது பேர், சாயக் குண்டால் சுட்டு விளையாடும் பெயிண்ட்பாலுக்கு வந்திருந்தார்கள்.

துப்பாக்கிகளைப் பராமரிக்கிறவளுக்குச் சுருக்கென்றது. நேற்றுக்கூட யாரோ ஒருவர் போனில், இந்த இடத்துக்கு எந்த பேரல் சரி, எது சரிப்படாது என்று துருவித் துருவிக் கேட்டார். விவரம் கேட்டு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள், குழலின் நீளத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

“சார், பேரல் நீளமா இருந்தா குண்டு ஒண்ணும் தூரமாப் போயிடாது. உள்ள பூரா பலகைச் சுவர், மூலை முடுக்கு. பத்து அங்குலம்தான் தோதா இருக்கும்.”

“மத்தவங்களுக்கு அதையே குடுங்கம்மா. இவரு இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு மரியாதை வேண்டாமா?”

பதினெட்டு அங்குல பேரலை மேலாளர் தானே திருகிப் பொருத்தி, இரண்டு கையாலும் நீட்டினார். கம்பெனிக்கே மாமாவான அந்த சூப்பர்வைசர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் குறை.

“மாமா சீட்டு கெட்டியாயிடுச்சு டோய்!”

“அப்ப சின்னவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்!”

சின்னவர், இன்னொரு சூப்பர்வைசர், குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டார்.

மேலாளர் அப்பால் போனதும் அவள் கூப்பிட்டாள். “அண்ணே, இப்படி வாங்க. ஒவ்வொரு மூலையிலயும் உங்களுக்கு முன்னாடி இந்த நுனி போய் நிக்கும். ‘இதோ வர்றேன், சுடுங்க’ன்னு ஆள் விட்டுச் சொல்ற மாதிரி. ரெண்டு நிமிஷத்துல மாத்தித் தர்றேன், யாருக்கும் தெரியாது.”

“வேண்டாம்மா.” குரலைத் தாழ்த்தினார். “புது மெஷின் வருது. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வெச்சுக்கப் போறாங்க. ஒரு மாசமாத் தூக்கமே இல்ல. சின்னப் பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல கால வெச்சிருக்கா. இன்னிக்கு இத்தனை பேர் முன்னால சாரே என் கையில இதைக் குடுத்திருக்காரு. இதைவிட என்னம்மா வேணும்? அடி பட்டா படட்டும், துவைச்சாப் போற சாயம்தானே!”



கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். மூலைக்கு மூலை அந்தக் கறுப்பு நுனி முதலில் எட்டிப் பார்த்தது. பின்னாலேயே மாமா. உடனே ‘பட்’. சுவரில் இடித்துக்கொண்டார், திரும்ப முடியாமல் திணறினார், கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார், மறுபடி போனார். சின்னவர் பூனை மாதிரி நழுவிக்கொண்டிருந்தார்.

மேலாளர் விளையாடவில்லை. அவள் பக்கத்தில் நின்று ஏதோ தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மாமா மஞ்சளும் பச்சையுமாக வந்து நின்றார். “பதினோரு அடி வாங்கிட்டேன் சார்!” பரிசு வாங்கியவர் மாதிரி சிரித்தார்.

“அசத்திட்டீங்க மாமா!” மேலாளர் முதுகில் தட்டினார். “போய் மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வாங்க.”

மாமா அந்தப் பக்கம் போனதும் தாள் அவள் முன்னால் வந்தது. “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. வெளியாள் ஒருத்தர் சாட்சி இருந்தா நல்லது.”

படித்தாள். ‘புது மெஷினுக்கான திறன் சோதனை. சின்னவர்: வாங்கிய அடி இரண்டு. தகுதி உண்டு. மாமா: வாங்கிய அடி பதினொன்று. கவனம் போதாது, வேகம் போதாது. வேலையிலிருந்து விடுவிக்கலாம்.’

பேனா அவள் கையிலேயே நின்றது.

“அப்புறம் இன்னொண்ணும்மா,” என்றார் மேலாளர், வெகு பணிவாக. “நேத்து போன்ல, எந்த பேரல் இங்க சரிப்படாதுன்னு அவ்வளவு பொறுமையாச் சொன்னீங்களே, அதுக்கு ரொம்ப தேங்க்ஸ்.”