கயிறு பிடிக்கும் ஆள்

“நாப்பது அடி வரைக்கும்தான் எனக்கு சர்ட்டிபிகேட், அண்ணாச்சி. அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்.”

தூத்துக்குடியிலிருந்து காற்று சிலிண்டரோடு வந்திருந்த பிச்சையா இப்படிச் சொன்னதும், அவனை அப்படியே கிணற்றுக்குள் தள்ளிவிடலாம் போலிருந்தது வேல்சாமிக்கு. மழையில் நிரம்பிய கிணறு, அறுபது அடித் தண்ணீர். பம்ப்செட்டின் புட்வால்வைக் கழற்ற முந்தாநாள் முங்கிய மகன் ஆறுமுகச்சாமி அடியில் கிடந்தான்.

பாதாளக்கரண்டி போட்டுத் துழாவியாயிற்று, பிள்ளை சிக்கவில்லை. மகன் முகத்தைப் பார்க்காமல் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று பேச்சித்தாய் கிணற்றுமேட்டிலேயே கிடந்தாள்.

சிவகிரி, ராயகிரி என்று சொந்தக்காரர்கள் வந்து நின்றார்கள். வீட்டை மீறி, பேரும் முகமும் தெரியாத எவனையோ கல்யாணம் பண்ணிக்கொண்டு போன தங்கை செண்பகவல்லிக்கு மட்டும் வேல்சாமி சொல்லியனுப்பவில்லை. பிச்சையாவைச் சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில்தான் சொல்லி வரவழைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கெஞ்சினான். பிச்சையா கிணற்றை எட்டிப் பார்த்தபடியே பேசினான். நாற்பதைத் தாண்டினால் தன் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில்தான். கீழிருந்து அசைத்ததும் தூக்க வேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் போச்சு என்றான். பெண்டாட்டியின் அண்ணன் பிடித்தால்தான் அந்த ஆழத்துக்கு இறங்குவது, முத்துக் குளித்த தன் அப்பன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியை எவனும் கைநழுவ விடமாட்டானாம்.

“உம்ம மச்சான் எங்கன இருக்காருன்னு சொல்லும். கார் பிடிச்சுக் கூட்டியாரேன். கால்ல வேணும்னாலும் விழுதேன்.”

“அவரு எங்க வீட்டு வாசலை மிதிக்க மாட்டாரு, அண்ணாச்சி.”

வேல்சாமிக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மனுசன்வே அவன்? தங்கச்சி தாலியைவிட வீராப்பு பெருசாப் போச்சோ அவனுக்கு?”

பிச்சையா சட்டையைக் கழற்றி, சர்ட்டிபிகேட்டையும் அதற்குள்ளேயே மடித்துப் பேச்சித்தாயின் அருகில் வைத்தான். சிலிண்டரை முதுகில் கட்டினான். கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் முடிந்துகொண்டு, மறு நுனியை வேல்சாமியின் கையில் வைத்தான்.

“பிடிங்க, மச்சான்.”